பாலக்கோடா, பாலகோடா? ஒரு கோடிங் கேள்வியும் 1992 மெட்ராஸ் காலராவும்

1/
போன வாரம் நைட் டூட்டி. பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சப்ப அக்கா பையன்கிட்ட இருந்து போன். இன்ஜினியரிங் கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிட்டு இருக்கான்.

"மாமா, ஒரு கோடிங் கேள்வி. ஆன்சர் சரியாத்தான் வருது. ஆனா பெரிய இன்புட் குடுத்தா டைம் அவுட் ஆயிடுது."

"அதை எதுக்குடா எங்கிட்ட சொல்ற? நான் எம்.பி.பி.எஸ்."

"கேள்வியில டிஎன்ஏன்னு போட்டிருக்கு மாமா. அதான் உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

கேள்வியைப் படிச்சுப் பார்த்தேன். எனக்கு கோடிங் தெரியாது. ஆனா இந்தக் கேள்வியைத் தெரியும். இதோட கதையில ஒரு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியும் வருது, நம்ம மெட்ராஸும் வருது. அதைத்தான் இந்த இழையில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல கேள்வி என்னன்னு பார்த்துடலாம். அதுக்கு நம்ம ஓ.பி. சீட்டு போதும்.

தர்மபுரி மாவட்டத்துல பாலக்கோடு இருக்கு. சில போர்டுல "பாலக்கோடு", சில போர்டுல "பாலகோடு". ஒரே நோயாளிக்கு ஒரு சீட்டுல அப்படி, இன்னொரு சீட்டுல இப்படி. மனுஷனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு உடனே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எழுத்து எழுத்தாகப் பிரிச்சுப் பாருங்க:
பா - ல - க் - கோ - டு (5 எழுத்து)
பா - ல - கோ - டு (4 எழுத்து)

முதல் எழுத்துக்கு முதல் எழுத்து, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று நேருக்கு நேர் ஒப்பிட்டால் பா, ல ரெண்டும் பொருந்தும். மூணாவது இடத்துல க் எதிரே கோ. நாலாவது இடத்துல கோ எதிரே டு. அவ்வளவுதான், எல்லாம் இடம் மாறிப்போச்சு. பொருத்தம் வெறும் 2.

3/
ஆனா உண்மையில் வித்தியாசம் ஒரே ஒரு "க்" தானே? அந்த இடத்துல ஒரு இடைவெளி விட்டா போதும்:
பா - ல - க் - கோ - டு
பா - ல - ＿ - கோ - டு

இப்போ பொருத்தம் 4. பா, ல, கோ, டு என்ற நான்கும் இரண்டு பெயரிலும் அதே ஒழுங்கில் வருகின்றன. நடுவுல எழுத்து விட்டுப் போகலாம், ஆனா வரிசை மாறக் கூடாது. இப்படிக் கிடைக்கும் பொது வரிசைகளிலேயே மிக நீளமானது எது? இதுதான் கேள்வி. லாங்கஸ்ட் காமன் சப்சீக்வன்ஸ், சுருக்கமா எல்சிஎஸ் என்பார்கள். தமிழில் "மிக நீளமான பொது வரிசை" என்று வைத்துக்கொள்வோம்.

விளையாட்டுக் கேள்வி மாதிரி இருக்கா? இருங்க. இப்போ 1992க்குப் போவோம்.

4/
1992 அக்டோபர். மெட்ராஸ். வயிற்றுப்போக்கோடு நோயாளிகள் வர ஆரம்பிக்கிறார்கள். அரிசி கழுவின தண்ணி மாதிரி போகுது, சில மணி நேரத்துல உடம்பு வத்திப் போகுது. எந்த டாக்டர் பார்த்தாலும் காலரான்னுதான் சொல்வார்.

ஆனா லேப் "இது அந்தக் காலரா இல்லை" என்றது.

காலராக் கிருமியின் மேல் உறையில் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி இருக்கும். அதை வைத்துதான் கிருமியை வகை பிரிப்பார்கள். அந்தக் காலத்தில் கொள்ளைநோயை உண்டாக்கும் வகை என்று அறியப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ஓ1. ஓ1க்கான சீரம் ஒரு சொட்டு விட்டால் கிருமிகள் திரிதிரியாகத் திரளணும். இந்தக் கிருமி திரளவில்லை.

5/
இன்னொரு விசித்திரம். காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அதனால் அங்கே குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். இந்த முறை பெரியவர்களே கூட்டமாக விழுந்தார்கள். பழைய எதிர்ப்புச் சக்தி இந்தக் கிருமியிடம் செல்லுபடியாகவில்லை.

மெட்ராஸை அடுத்து மதுரை, வேலூர். பிறகு கல்கத்தா. 1992 டிசம்பருக்குள் வங்கதேசம். அப்போது தெரிந்திருந்த 138 வகைச் சீரத்தில் எதற்குமே இது திரளவில்லை. அதனால் 139ஆவது எண் கொடுத்தார்கள்: ஓ139. வங்கக் கடலோரம் முதலில் கிடைத்ததால் கூடவே "பெங்கால்" என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எட்டாவது உலகக் காலராப் பரவல் தொடங்கிவிட்டதோ என்று உலகமே பயந்தது.

6/
இப்போ டாக்டர்கள் முன்னாடி இருந்த கேள்வி இதுதான்: இது எங்கிருந்தோ வந்த புதுக் கிருமியா? இல்லை, நமக்குத் தெரிஞ்ச பழைய கிருமி சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கா?

கவனிச்சீங்களா? இது பாலக்கோடு, பாலகோடு கேள்விதான். எழுத்து மட்டும் 4 இல்லை, சுமார் 40 லட்சம்.

விடைக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி, இவ்வளவு நீளமான ரெண்டு வரிசையை ஒப்பிட மனுஷன் எப்படிக் கத்துக்கிட்டான்னு பார்க்கணும்.

7/
1950கள். பிரெட்ரிக் சாங்கர் இன்சுலின் புரதத்தின் அமினோ அமில வரிசையை முழுசாகப் படித்துவிட்டார். மொத்தம் 51. அதற்காக 1958இல் நோபல் பரிசு.

மாட்டு இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் 3 இடங்களில் வித்தியாசம். பன்றி இன்சுலினுக்கு 1 இடத்தில். அதனால்தான் மாட்டு, பன்றி இன்சுலினை வைத்தே பல வருஷம் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்ற முடிந்தது. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது போட்டிருக்கலாம்.

1957இல் வெர்னன் இன்கிராம் இன்னொன்றைக் காட்டினார். அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணம் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது. அது பீட்டா சங்கிலியில் 6ஆவது இடம் என்பதும் அடுத்து உறுதியானது. ஒரு எழுத்து மாறினதுக்கு ஒரு வாழ்நாள் நோய்.

8/
இதெல்லாம் கண்ணால் ஒப்பிடக் கூடியவை. ஏன்னா இரண்டு வரிசையும் ஒரே நீளம். எழுத்து மாறியிருக்கு, ஆனா எண்ணிக்கை மாறலை.

அடுத்து வந்ததுதான் சிக்கல். 1960களில் புரத வரிசைகள் குவிய ஆரம்பித்தன. மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1965இல் அவற்றையெல்லாம் தொகுத்து ஒரு அட்லஸ் புத்தகமே போட்டார். முதல் பதிப்பில் 65 புரதங்கள்.

தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். ரெண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. ஆனா திமிங்கலத்தின் மயோகுளோபினில் 153 அமினோ அமிலம், மனித ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியில் 146. நீளமே வேற. எங்கே இடைவெளி விடுவது? இது பாலக்கோட்டுச் சிக்கல்.

9/
"எல்லா வாய்ப்பையும் போட்டுப் பார்த்துட வேண்டியதுதானே?" என்று தோணும். அக்கா பையனோட கோடும் அதைத்தான் செஞ்சது.

ஒவ்வொரு எழுத்தையும் வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். ஒரு எழுத்துக்கு 2 வாய்ப்பு. 5 எழுத்துக்கு 32. 20 எழுத்துக்கே பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். 146 எழுத்துக்கு வருவது 44 இலக்க எண். உலகத்தில் உள்ள அத்தனை கம்ப்யூட்டரையும் ஓடவிட்டாலும் முடியாது.

பையனோட கோடு தப்பு இல்லை. சரியான விடையைத்தான் தேடிக்கிட்டு இருக்கு. நம்ம ஆயுசுக்குள்ள முடிக்காது, அவ்வளவுதான்.

10/
இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம்.

1970 மார்ச்சில் மூலக்கூறு உயிரியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சால் நீடில்மேன், கிறிஸ்டியன் வுன்ஷ். முகவரியைப் பாருங்க: ஒன்று சிகாகோ நகர நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. இன்னொன்று அதே ஊரில் முன்னாள் ராணுவத்தினருக்காக அரசு நடத்தும் வி.ஏ. ஆராய்ச்சி மருத்துவமனை, நியூக்ளியர் மெடிசின் பிரிவு.

ஆமாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க மரபணு ஒப்பீட்டுப் பாடத்தில் முதல் பக்கத்தில் வரும் முறை, ஒரு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி முகவரியோடு வெளிவந்தது. அவர்கள் ஒப்பிட்டுக் காட்டிய ஜோடிகளில் ஒன்று, மேலே சொன்ன திமிங்கல மயோகுளோபினும் மனித பீட்டா ஹீமோகுளோபினும்தான்.

11/
அவர்கள் கேட்ட கேள்வி: எத்தனை இடைவெளி வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம் என்றால், ஒரு புரதத்தின் அமினோ அமிலங்களில் அதிகபட்சம் எத்தனையை இன்னொன்றோடு பொருத்த முடியும்? அட, நம்ம எல்சிஎஸ்!

வழி என்ன? ஒரு கட்டம் போடு. சின்னக் கேள்விக்கு முதலில் விடை எழுது. பெரிய கேள்வி வரும்போது, ஏற்கெனவே எழுதி வைத்த சின்ன விடையை எடுத்துக்கொள். ஒரே கணக்கை இரண்டாவது தடவை போடாதே.

இந்த யோசனைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். 1950களில் ரிச்சர்ட் பெல்மேன் வைத்த பெயர்.

12/
பாலக்கோட்டுக்கே போட்டுப் பார்ப்போம். மேலே நீளவாக்கில் பா, ல, கோ, டு. பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எழுத்து.

விதி ரெண்டே ரெண்டு:
அ) இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால், இடது மேல் மூலையில் (குறுக்கே) இருக்கும் எண்ணோடு 1 கூட்டு. அங்கே கட்டமே இல்லை என்றால் 0 என்று வைத்துக்கொள்.
ஆ) வேறாக இருந்தால், மேலே இருப்பது, இடப்பக்கம் இருப்பது இரண்டில் எது பெரிசோ அதை எழுது.

பா : 1 1 1 1
ல : 1 2 2 2
க் : 1 2 2 2
கோ : 1 2 3 3
டு : 1 2 3 4

கடைசி மூலையில் 4. அதுதான் விடை. "க்" வரியைப் பாருங்க, மேல் வரியை அப்படியே காப்பி அடிச்சிருக்கு. எண் எதுவும் கூடவில்லை. இடைவெளி எங்கே என்று கட்டமே காட்டிக் கொடுத்துவிட்டது.

13/
வேலை எவ்வளவு? 5 × 4 = 20 கட்டம். மயோகுளோபினுக்கும் ஹீமோகுளோபினுக்கும் 153 × 146 = 22,338 கட்டம்.

44 இலக்கத்தில் இருந்த வேலை 22,338க்கு இறங்கிடுச்சு. மெஷின் மாறலை. கேள்வி மாறலை. எழுதி வெச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டதுதான் மாற்றம். நைட் டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்ல ஒழுங்கா எழுதி வெச்சா, காலையில வர்ற டாக்டர் முதல்ல இருந்து விசாரிக்க வேண்டியதில்லை. அதே லாஜிக்.

14/
ஒரு சின்னத் திருத்தம், நியாயமாகச் சொல்லணும். 1970 கட்டுரையின் முறை நான் மேலே போட்ட கட்டத்தைவிடக் கொஞ்சம் மெதுவானது. மேலே உள்ள வேகமான வடிவத்துக்கு ஒரு அப்பா கிடையாது, நிறைய பேர். கீவ் நகரத்தில் வின்ட்சுக் 1968இலேயே பேச்சொலியை அடையாளம் காண இதே யோசனையைப் பயன்படுத்தினார். டேவிட் சான்காஃப் 1972இல், வாக்னரும் ஃபிஷரும் 1974இல். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமலே பலர் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

1975இல் ஹிர்ஷ்பெர்க் மெமரியை மிச்சம் பிடித்தார். முழுக் கட்டத்தையும் வைத்திருக்க வேண்டாம், ஒரு வரியை எழுத முந்தைய வரி இருந்தால் போதும். பொது வரிசை எது என்பதையும் அதே குறைந்த இடத்துக்குள் மீட்டெடுக்கும் வழியை அவர் காட்டினார்.

1976இல் பெல் லேப்ஸில் ஹன்ட்டும் மெக்ஐல்ராயும் இரண்டு ஃபைலுக்கு என்ன வித்தியாசம் என்று காட்டும் "டிஃப்" நிரலை விவரித்தார்கள். சாஃப்ட்வேர் நண்பர்களே, தினமும் சிவப்பும் பச்சையுமா பார்க்கிறீங்களே, அதுக்கு அடியில் இருப்பதும் இந்தக் கேள்விதான்.

15/
மருத்துவத்தில் இது எங்கே வெடித்தது?

1981இல் ஸ்மித், வாட்டர்மேன் என்ற இருவர், முழு வரிசையும் பொருந்தாவிட்டாலும் நடுவில் ஒரு துண்டு மட்டும் பொருந்தினால் அதைக் கண்டுபிடிக்கும்படி முறையை மாற்றினார்கள்.

1983இல் ஒரு குரங்குப் புற்றுநோய் வைரஸின் மரபணுவைத் தொகுப்பில் உள்ள புரதங்களோடு ஒப்பிட்டார்கள். அது நம்ம உடம்பில் காயம் ஆற உதவும் வளர்ச்சிக் காரணி ஒன்றோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டார்கள். புற்றுநோய் என்பது செல்லின் சொந்த வளர்ச்சிக் கட்டளை நிற்காமல் ஓடுவது என்ற புரிதலுக்கு அது பெரிய சான்று. நோயாளியைத் தொடவில்லை, எலியைத் தொடவில்லை. இரண்டு எழுத்து வரிசைகளைப் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவே.

16/
இப்போ பெரிய தடை. புரதம் சில நூறு எழுத்து. ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி? காலராக் கிருமிக்குச் சுமார் 40 லட்சம் எழுத்து.

40 லட்சம் × 40 லட்சம் = 16 லட்சம் கோடி கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலும் 16 டெராபைட். 1990களில் நினைத்தே பார்க்க முடியாது. ஹிர்ஷ்பெர்க் முறையில் மெமரி குறையும், ஆனா வேலை குறையாது.

கட்டம் போடுறதை விட்டுட்டு வேற வேகமான வழி இல்லையா? 2015இல் கணினி அறிவியலாளர்கள் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள்: பரவலாக நம்பப்படும் ஒரு கணித அனுமானம் சரி என்றால், எந்த இரண்டு வரிசைக்கும் பொருந்தும்படி இதைவிடப் பெரிய அளவில் வேகமான வழி கிடையாது.

அப்போ என்ன செய்வது? எல்லா வரிசைக்கும் பொதுவான வழி வேண்டாம். நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு மட்டும் வேகமாக ஓடும் வழி போதும். அங்கே வருகிறது இரண்டாவது "மிக நீளமான வரிசை".

17/
ஓ.பி. டோக்கன் வரிசையை நினைச்சுக்கோங்க. ஆட்கள் டோக்கன் நம்பர் பார்க்காம நின்னுட்டாங்க:

3, 1, 4, 2, 5, 7, 6

யாரையும் இடம் மாற்றாமல், சிலரை மட்டும் ஓரமா நிக்கச் சொல்லி, மிச்சப் பேர் ஏறுவரிசையில் இருக்கணும். அதிகபட்சம் எத்தனை பேரை வரிசையில் விட்டு வைக்கலாம்? 1, 2, 5, 7 என்று 4 பேர். ஓரமா நிக்க வேண்டியது 3 பேர்.

இதற்கு மிக நீளமான ஏறுவரிசை என்று பெயர். ஷென்ஸ்டெட் என்பவர் 1961இல் இதைப் பற்றி ஒரு முக்கியக் கட்டுரை எழுதினார்.

18/
இதற்கு விடை காண அழகான வழி ஒன்று உண்டு. சீட்டாட்டம் மாதிரி.

டோக்கன்களை ஒவ்வொன்றாக எடு. இடமிருந்து பார்த்துக்கொண்டே வந்து, மேல் சீட்டு உன் கையில் இருப்பதைவிடப் பெரிசாக இருக்கும் முதல் அடுக்கின் மேல் வை. அப்படி எதுவும் இல்லையா, வலப்பக்கம் புது அடுக்கு தொடங்கு.

3 → முதல் அடுக்கு. 1 → அதன் மேல். 4 → இரண்டாவது அடுக்கு. 2 → அதன் மேல். 5 → மூன்றாவது. 7 → நான்காவது. 6 → அதன் மேல்.

மொத்தம் 4 அடுக்கு. விடையும் 4!

மேல் சீட்டுகள் எப்போதும் இடமிருந்து வலம் ஏறுவரிசையில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அடுக்காகத் தேட வேண்டாம். டிக்‌ஷனரியில் வார்த்தை தேடுவது போல நடுவில் திறந்து, பாதி பாதியாகக் குறைக்கலாம். 1,000 அடுக்கு இருந்தாலும் 10 தடவை பார்த்தால் போதும். இதைவிடப் பெரிசாகக் குறைக்க முடியாது என்று 1975இல் ஃப்ரெட்மேன் காட்டினார்.

19/
இதுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்?

1999இல் அமெரிக்காவில் மம்மர் என்ற மென்பொருள் வந்தது. அதன் வழி இதுதான்: இரண்டு மரபணுத் தொகுதியிலும் ஒரே ஒரு முறை மட்டும் வரும், அச்சு அசலாக ஒத்துப்போகும் துண்டுகளை முதலில் கண்டுபிடி. முதல் கிருமியில் அவை வரும் ஒழுங்கில் 1, 2, 3 என்று டோக்கன் கொடு. இரண்டாவது கிருமியில் அதே துண்டுகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று படி. கிடைப்பது நம்ம ஓ.பி. வரிசை. அதில் மிக நீளமான ஏறுவரிசையை எடு. அதுதான் முதுகெலும்பு. நடுவில் விட்டுப்போன சின்ன சின்ன இடங்களில் மட்டும் பழைய கட்டத்தைப் போடு.

அந்தக் கட்டுரையில் அவர்கள் ஒப்பிட்ட முதல் ஜோடி எது தெரியுமா? டிபி கிருமியின் இரண்டு வகைகள். தலா சுமார் 44 லட்சம் எழுத்து.

20/
சரி, மெட்ராஸுக்குத் திரும்புவோம். 1992இல் காலராக் கிருமியின் முழு வரிசை யாரிடமும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் துண்டு துண்டாகத்தான் படித்தார்கள். ஓ1 வகை எல் டோர் கிருமி ஒன்றின் முழு வரிசை வெளிவந்தது 2000இல். ஆனால் 1990களின் நடுவிலேயே விடை தெளிவாகிவிட்டது.

ஓ139 புதுக் கிருமி இல்லை. பழைய ஓ1 எல் டோர்தான்!

சட்டையைத் தைக்கும் மரபணுக்கள் இருக்கும் இடம் மட்டும் மாறியிருந்தது. சுமார் 22,000 எழுத்து வெட்டி எடுக்கப்பட்டு, அதே இடத்தில் சுமார் 35,000 எழுத்து புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் எழுத்துகள் பழையபடியே. அதனால்தான் ஓ1 சீரத்துக்குத் திரளவில்லை. அதனால்தான் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் காணவில்லை. ஆனால் காலரா நஞ்சைச் சுரக்கும் மரபணு அப்படியே இருந்தது. அதனால்தான் நோயாளியைப் பார்த்த டாக்டர் காலரா என்றார்.

லேப் சொன்னதும் சரி, டாக்டர் சொன்னதும் சரி.

21/
இன்னொரு செருகலும் இருந்தது. 1992இல் மெட்ராஸ் நோயாளியிடம் எடுத்த எம்ஓ10 என்ற கிருமியை 1996இல் ஆராய்ந்தபோது, எஸ்எக்ஸ்டி என்று பெயரிடப்பட்ட ஒரு நீளத் துண்டு கிடைத்தது. சுமார் ஒரு லட்சம் எழுத்து. கோட்ரைமாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் அதில் இருந்தன. அதைவிட மோசம், அது ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக் கூடியது.

நேருக்கு நேர் எழுத்து எண்ணி ஒப்பிட்டிருந்தால், முதல் செருகலுக்கு அப்புறம் எல்லாமே இடம் மாறி, "இது வேற ஜாதிக் கிருமி" என்றுதான் விடை வந்திருக்கும். இடைவெளி விட்டு ஒப்பிட்டதால்தான் எது பழசு, எது புதுசு என்று பிரிந்தது. நாம் தேடுவது பொது வரிசையை. நோயாளிக்கு முக்கியமாவது பெரும்பாலும் அந்த இடைவெளி.

22/
இதனால் என்ன பயன் கிடைத்தது? தடுப்பு மருந்து.

சட்டை வேறு என்றால் ஓ1க்கான தடுப்பு மருந்தை மட்டும் நம்ப முடியாது. 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற ஷான்கால் என்ற வாய்வழித் தடுப்பு மருந்து, ஹைதராபாத்தில் தயாரானது. அதில் ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்திருந்தார்கள்.

ஓ139 பயந்த அளவுக்குப் பரவவில்லை. கொஞ்ச வருஷத்திலேயே பழைய எல் டோர் மீண்டும் முன்னுக்கு வந்தது. எட்டாவது உலகப் பரவல் வரவில்லை.

23/
இந்த ஒப்பீடு இன்னைக்கு எங்க டூட்டி ரூம் வரைக்கும் வந்துடுச்சு.

டிபி சந்தேகம் என்றால் சளியை சிபிநாட் மெஷினில் வைக்கிறோம். சுமார் 2 மணி நேரத்தில் டிபி இருக்கா, ரிஃபாம்பிசின் மாத்திரை வேலை செய்யுமா என்று சொல்லிவிடுகிறது. 44 லட்சம் எழுத்தில் அது பார்ப்பது ஒரு மரபணுவில் உள்ள 81 எழுத்துகளை. எந்த 81 என்று எப்படித் தெரியும்? மருந்துக்கு அடங்கும் கிருமியையும் அடங்காத கிருமியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால் தெரிந்தது. கல்ச்சர் செய்து பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. அந்த வாரங்களில் நோயாளி தப்பான மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டில் உள்ளவர்களுக்கும் பரப்பிக்கொண்டு இருந்திருப்பார்.

24/
கொரோனா வைரஸுக்குச் சுமார் 30,000 எழுத்துதான். ஒமைக்ரான் வந்தபோது ஞாபகம் இருக்கா? அதன் முதல் வடிவத்தில் எஸ் மரபணுவில் 6 எழுத்து விட்டுப்போயிருந்தது. அதனால் சிலவகை ஆர்டிபிசிஆர் கிட்டில் அந்த ஒரு மரபணு மட்டும் "இல்லை" என்று வந்தது. அந்த "இல்லை"யை வைத்தே இது ஒமைக்ரானாக இருக்கலாம் என்று சந்தேகித்தோம்.

6 எழுத்து இடைவெளி. பாலக்கோட்டில் "க்" விட்டுப்போன மாதிரி. உறுதிப்படுத்த முழு வரிசையையும் படிக்க வேண்டும். அதற்கான மாநில அரசின் ஆய்வகம் 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன் மாதிரிகளை வெளி மாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

25/
அக்கா பையனுக்கு அன்னைக்கு ராத்திரி நான் சொன்னது இவ்வளவுதான்: "கட்டம் போடுடா. ஒரு தடவை கண்டுபிடிச்சதை எழுதி வை. திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்காத."

காலையில் ரவுண்ட்ஸ் நேரத்தில் மெசேஜ் வந்தது: "பாஸ் ஆயிடுச்சு மாமா. ஆனா இது எதுக்கு யூஸ் ஆகும்?"

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீளமான பதில். கோடிங் படிக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியை இன்டர்வியூ முடிஞ்சதும் மறந்துடறாங்க. நாங்க சிபிநாட் ரிப்போர்ட்டைப் பார்க்கிறோம், அதுக்குப் பின்னாடி இருக்கும் கணக்கை யோசிக்கிறதில்லை. ரெண்டு பக்கமும் ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தெரிஞ்சுக்கணும்னு ஆசை.

26/
டாக்டர் எழுதினா கடைசியில ஒரு அட்வைஸ் இல்லாம முடியுமா?

1992 மெட்ராஸில் லேப் பெயர் தெரியாமல் திணறியபோதும் நோயாளிகளைக் காப்பாற்றியது உப்பு, சர்க்கரை, தண்ணீர்தான். ஓ1 ஆகட்டும், ஓ139 ஆகட்டும், ஓஆர்எஸ் ஒரே மாதிரி வேலை செய்யும். வயிற்றுப்போக்கு ஆரம்பிச்ச உடனே குடிக்க ஆரம்பிங்க. பெரிய பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணியில் முழுசாக் கலக்கணும். பாதிப் பாதியாப் போடக் கூடாது. 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிடுங்க. குழந்தை சோர்ந்து போனாலோ, கண் உள்ளே போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குடிச்சதெல்லாம் வாந்தியாகப் போனாலோ, உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் ஓ.பி.க்கு வரும்போது பழைய சீட்டைக் கொண்டு வாங்க. ஊர் பேரை எப்படி எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அதுல நாங்க எழுதி வெச்சிருக்கிறது இருந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

உங்க வீட்டுல கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தா இதை அனுப்புங்க.